கைப்பிடி அரிசியில் வண்டு விழுந்துவிட்டது, என்ன செய்வது?

தேரிக்காட்டான் (ஆகஸ்ட் 3, இரவு 9.50)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். கேட்கப்போவது சின்ன விஷயம். சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

அம்மா மே மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். எழுபத்தெட்டு வயது. எங்கள் ஊர் உடன்குடிக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில், தேரி என்கிற செம்மணல் மேட்டை ஒட்டியது. நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன், தம்பி துபாயில். போன வாரம் போய் வீட்டைத் திறந்து சாமான்களை ஒதுங்கவைத்தேன். அடுக்களையில் அம்மிக்குப் பக்கத்தில் ஒரு மண்கலயம், வாயில் சிரட்டை கவிழ்த்திருந்தது. உள்ளே அரிசி.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துச் சபைகளில் கைப்பிடி அரிசிக் காணிக்கை என்று ஒன்று உண்டு. உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனியாக வைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது ஓலைப்பெட்டியில் ஆலயத்துக்குப் போகும். கடைசி ஒன்றரை மாதம் அம்மாவால் ஆலயத்துக்கு நடக்க முடியவில்லை. ஆனால் பிடி மட்டும் நிற்கவில்லை போலிருக்கிறது. ஒன்றரைப் படி சேர்ந்திருக்கிறது. இப்போது முழுக்க வண்டு.

கர்த்தருக்கென்று எடுத்துவைத்ததைக் குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. வண்டு விழுந்ததை ஆலயத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவும் கூச்சமாக இருக்கிறது.

அப்பாவின் பெட்டியையும் திறந்தேன். தாத்தாவின் பாளை அரிவாள் கிடந்தது. தாத்தா பனையேறியவர். அப்பா ஏறவில்லை, கருப்பட்டி வியாபாரத்துக்கு வந்துவிட்டார். ஆனாலும் வருஷா வருஷம் அந்த அரிவாளுக்கு எண்ணெய் தடவி வைப்பார். அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது, தடவ ஆளில்லை. பூமியிலே பொக்கிஷம் சேர்க்காதீர்கள், பூச்சியும் துருவும் கெடுக்கும், திருடர் கன்னமிடுவார்கள் என்று சிறுவயதில் மனப்பாடம் செய்த வசனம் அப்போது நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் பரலோகத்துக்கென்று வைத்ததில்தான் பூச்சி. தாத்தாவின் அரிவாளில் துரு. திருடர் மட்டும்தான் பாக்கி.

சுளகுக்காரி (ஆகஸ்ட் 3, இரவு 10.25)

இதற்கு ஏன் தம்பி இவ்வளவு கலக்கம்? பழைய சேலையை விரித்து இளவெயிலில் பரப்புங்கள். உச்சிவெயில் வேண்டாம், அரிசி நொறுங்கிப்போகும். வண்டு தானாக ஓடும். பிறகு சுளகில் (முறத்தில்) நன்றாகப் புடைத்து, இரண்டு காய்ந்த மிளகாயும் கொஞ்சம் வேப்பிலையும் போட்டு மூடுங்கள். குருணையைக் கோழிக்குப் போடலாம். முழு அரிசி ஒரு படியாவது தேறும்.

சுளகில் புடைக்கத் தெரிந்தவர்கள் உங்கள் வீட்டில் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

பழைய வாத்தியார் (ஆகஸ்ட் 4, காலை 5.40)

தம்பி, சிரிக்க இதில் ஒன்றும் இல்லை. எலியா தீர்க்கதரிசிக்கு அப்பம் சுட்டுக்கொடுத்த சாறிபாத் விதவையின் பானையிலும் ஒரு பிடி மாவுதான் இருந்தது. 'பிடி' என்ற சொல்லைத்தான் நம் வேதாகமமும் அங்கே சொல்கிறது. சிறுவனாக அந்தப் பகுதியை வாசித்தபோது எலியா எங்கள் அடுக்களைக்குள் வந்து நிற்பதாகவே நினைத்தேன்.

என் பாட்டி அரிசி போடும்போது "தோர்ணக்கல்லுக்கு" என்று சொல்லிக்கொண்டே போடுவாள். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அந்தச் சங்கம் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பகுதிக்கு நம் ஆட்களை அனுப்பியது. அதற்கு முன்னின்ற அசரியா நம் வெள்ளாளன்விளைக்காரர். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். பாட்டிக்குத் தோர்ணக்கல் வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. தன் அரிசி போகும் ஊர் அது என்பது மட்டும் தெரியும்.

அரிசியைச் சகோதரி சொன்னபடி புடைத்து ஆலயத்துக்கே கொண்டுபோங்கள். ஆலயத்தைக் கவனித்துக்கொள்கிற கோவில்பிள்ளையிடம் கொடுத்தால் போதும், அவர் ஒன்றும் கேட்க மாட்டார்.

நாஞ்சில் மருமகள் (ஆகஸ்ட் 4, காலை 11.15)

அண்ணா, அம்மாவின் இழப்புக்கு ஆறுதல். ஒரு சந்தேகம். நீங்கள் கோவையில், தம்பி துபாயில். நடக்கமுடியாமல் போன அந்த ஒன்றரை மாதம் அம்மாவுக்குச் சோறு பொங்கியது யார்? உலை வைத்தால்தானே பிடி எடுக்க முடியும்?

தேரிக்காட்டான் (ஆகஸ்ட் 4, பிற்பகல் 2.05)

அக்கா இருக்கிறாள். நான்கு கிலோமீட்டரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். நான்கு வருஷமாக அவள்தான் வந்து போய்ப் பார்த்துக்கொண்டாள். அதை மறைக்க நினைக்கவில்லை, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றுதான் எழுதவில்லை.

மஸ்கோத் (ஆகஸ்ட் 4, பிற்பகல் 2.30)

அண்ணாச்சி, அரிசி இருக்கட்டும். பனை எத்தனை நிற்கிறது? பதநீர் இறக்குகிறீர்களா? உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வந்த பிறகும் கடைகளில் சீனி கலந்ததைத்தான் விற்கிறார்கள். நல்ல கருப்பட்டி எங்கே கிடைக்கும் என்று மூன்று மாதமாகத் தேடுகிறேன்.

இழைக் கண்காணிப்பாளர் (ஆகஸ்ட் 4, பிற்பகல் 2.41)

கருப்பட்டி விசாரணைக்குத் தனி இழை இருக்கிறது.

தேரிக்காட்டான் (ஆகஸ்ட் 4, இரவு 9.10)

பனை அறுபத்திரண்டு நிற்கிறது. நிலம் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட், செம்மணல். அப்பா இருந்தபோது மாசி தொடங்கி ஆடி வரைக்கும் பனங்காட்டில் விடிலி என்கிற ஓலைக்குடிசை போட்டுப் பதநீர் காய்ச்சுவார்கள். இப்போது ஏற ஆள் இல்லை. காலையும் மாலையும் நாற்பது ஐம்பது மரம் ஏறி இறங்குகிற உடம்பு இன்றைய பையன்கள் யாருக்கு இருக்கிறது? எனக்கே இல்லை. நுங்குக்கு மட்டும் யாரோ வந்து வெட்டிக்கொண்டு போகிறார்கள்.

மறைக்க ஒன்றும் இல்லை. நிலத்தை விற்கலாம் என்று தம்பியும் நானும் நினைக்கிறோம். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து எங்கள் பக்கம் தரகர்கள் நடமாட்டம் தாங்கவில்லை. தேரி நிலத்தை முன்பெல்லாம் ஏக்கரில்தான் பேசுவார்கள், அதுவும் கேட்பாரற்ற விலை. இப்போது சென்ட் கணக்கில் பேசுகிறார்கள். அம்மா உயிரோடு இருந்தவரை அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

பழைய வாத்தியார் (ஆகஸ்ட் 5, காலை 5.30)

நாபோத்தை நினைத்துக்கொள்ளுங்கள் தம்பி. ராஜா கேட்டும் பிதாக்களின் சுதந்தரமாக வந்த திராட்சத்தோட்டத்தைக் கொடுக்கமாட்டேன் என்றான். நல்ல விலை தருகிறேன், இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன் என்று ஆகாப் சொல்லிப்பார்த்தான். அவன் அசையவில்லை. உங்கள் அம்மா நாபோத்தின் பக்கம்.

மஸ்கோத் (ஆகஸ்ட் 5, காலை 8.20)

வாத்தியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. எங்கள் ஊரே நிலம் வாங்கி உண்டானதுதான். விசுவாசத்துக்கு வந்தவர்களை அவரவர் ஊரில் அடித்து, வீட்டைக் கொளுத்தி, கிணற்றை மறித்தார்கள். 1799இல் தாவீது சுந்தரானந்தம் காலத்தில் அவர்களுக்கென்று ஓர் இடம் வாங்கிக் குடியேற்றினார்கள். அப்படி அமைந்த முதல் ஊர் என்பதால்தான் முதலூர் என்ற பெயர். பிறகு மிஷனெரி ரேனியுஸ் ஐயரும் இப்படி அடைக்கல ஊர்கள் பலவற்றை அமைத்தார். நமக்கு நிலம் என்பது வெறும் விலை அல்ல. நம் முன்னோர் பயமில்லாமல் கண்மூடி ஜெபிக்கக் கிடைத்த இடம் அது.

கல்வராயன் அடிவாரம் (ஆகஸ்ட் 5, முற்பகல் 10.50)

நாபோத்துக்கு ஒரு திராட்சத்தோட்டம் இருந்தது. அதனால் அவன் கதை வேதத்தில் ஏறியது.

கோபத்தில் எழுதவில்லை. நீங்கள் எல்லாரும் எழுதுவதை வாசித்துக்கொண்டே வந்தபோது, எங்கள் வீட்டில் அப்பா இறந்தபின் எதைத் திறந்தோம் என்று யோசித்தேன். நாங்கள் கத்தோலிக்கர், காலனிக்காரர்கள். அப்பா ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலில் கரும்பு வெட்டினார். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தகரப்பெட்டி. அடியில் பழைய செய்தித்தாள் விரித்து, அதன்மேல் என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், தங்கையின் மாற்றுச் சான்றிதழ், எங்கள் ஞானஸ்நானச் சீட்டுகள், முத்து உதிர்ந்த ஜெபமாலை. அவ்வளவுதான். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் எது யாருடைய சான்றிதழ் என்று தாளின் மடிப்பை வைத்தே எடுத்துக்கொடுப்பார். மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் அவர் முதலில் தூக்குவது அந்தப் பெட்டியைத்தான். பிறகுதான் எங்களை எழுப்புவார்.

1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவர் ஆகிவிட்டால் பட்டியல் சாதிக்கான உரிமை இல்லை. மாநிலத்தில் எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். பெயரை மாற்றிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்பா மாற்றவில்லை. அதற்கு அவர் கொடுத்த விலை என் கல்லூரி இடம். பல வருஷம் அவரோடு அதற்காகப் பேசாமல் இருந்தேன். இன்றும் அவர் செய்தது சரி என்று முழுதாகச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் 'பொக்கிஷம்' என்று யாராவது பிரசங்கத்தில் சொன்னால் எனக்கு அந்தத் தகரப்பெட்டிதான் தெரிகிறது.

எங்கள் கோவில் திருவிழாச் சப்பரம் இன்றுவரை எங்கள் தெருவுக்குள் வருவதில்லை. அது வேறு கதை.

சுளகுக்காரி (ஆகஸ்ட் 5, முற்பகல் 11.30)

தம்பி, அந்த வேறு கதையையும் ஒருநாள் எழுதுங்கள்.

நாஞ்சில் மருமகள் (ஆகஸ்ட் 5, பிற்பகல் 1.00)

தேரிக்காட்டான் அண்ணா, நேற்றே கேட்க நினைத்தேன். "தம்பியும் நானும் நினைக்கிறோம்" என்று எழுதினீர்கள். அக்கா என்ன நினைக்கிறார்கள்?

தேரிக்காட்டான் (ஆகஸ்ட் 5, பிற்பகல் 3.40)

அக்காவுக்கு இருபத்தைந்து பவுன் போட்டு, பண்டம் பாத்திரம் கொடுத்து, அந்தக் காலத்துக்கு நிறைவாகத்தான் செய்தார் அப்பா. எங்கள் பக்கம் வழக்கம் அப்படித்தான். செப்டம்பரில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு எல்லாரும் ஊருக்கு வருவோம். அசன விருந்து முடிந்த மறுநாள், தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதாக அக்காவே ஒப்புக்கொண்டிருக்கிறாள். யாரும் வற்புறுத்தவில்லை. நான் அரிசியைப் பற்றிக் கேட்க வந்தேன், நீங்கள் என்னைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

நாஞ்சில் மருமகள் (ஆகஸ்ட் 5, மாலை 6.20)

கூண்டில் ஏற்றவில்லை அண்ணா. நீங்கள்தான் முதல் பதிவில் எழுதினீர்கள், பூச்சி வந்தாயிற்று, துரு வந்தாயிற்று, திருடர் மட்டும் பாக்கி என்று. இனி அதைப் பாக்கி என்று எழுதவேண்டாம்.

நான் விளவங்கோட்டுப் பக்கம். 1956 வரை நாங்கள் மலையாளக்கரையோடு இருந்தவர்கள். எங்களுக்கு 1916இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம்தான். மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. சீதனம் வாங்கிவிட்டால் அதுவும் இல்லை. 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபிறகுதான் அது செல்லாது என்று ஆனது. என் அம்மாவுக்குக் கிடைத்தது ஒரு பசுவும் ஒரு வெண்கலப் பானையும். தீர்ப்பு வந்த பிறகு அம்மா தன் அண்ணனிடம் பங்கு கேட்டார்கள். அதன்பின் மாமா எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆலயத்தில் ஒரே திருவிருந்துப் பந்தியில் இருவரும் முழங்கால்படியிடுவார்கள், எழுந்ததும் ஆளுக்கு ஒரு வாசல்வழியாகப் போய்விடுவார்கள். பதினெட்டு வருஷம்.

செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்துபேர் மோசேயின் முன்னால் போய் நின்று, எங்கள் தகப்பனுடைய பங்கை எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தரே சொன்னார். எண்ணாகமம் இருபத்தேழு. ஞாயிற்றுக்கிழமை இதைப் பிரசங்கித்துக் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை.

பத்திரம் எழுதுபவன் (ஆகஸ்ட் 5, இரவு 8.45)

சண்டை வேண்டாம். முப்பது வருஷமாகச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறேன், கணக்கை மட்டும் சொல்கிறேன்.

கிறிஸ்தவர்களுக்குச் செல்லுவது 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். அப்பா உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று. மீதியைப் பிள்ளைகள் சமமாக எடுத்துக்கொள்வார்கள். ஆண் பெண் பேதம் அந்தச் சட்டத்தில் தொடக்கத்திலிருந்தே கிடையாது. பிறக்கும்போதே பேரனுக்கு உரிமை என்கிற பூர்வீகச் சொத்துக் கணக்கு இந்துக் குடும்பங்களுக்கு உண்டு, நமக்கு இல்லை. உங்கள் அப்பாவும் அம்மாவும் உயில் எழுதவில்லை என்றால் இன்றைக்கு மூன்று பேருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. கல்யாணத்தில் போட்ட பவுனைப் பங்கில் கழிக்கவும் முடியாது, அதையும் சட்டமே சொல்லியிருக்கிறது.

விடுதலைப் பத்திரம் எழுத வரும் பெண்களிடம் "மனப்பூர்வமாகத்தானே அம்மா?" என்று கேட்பேன். கேட்கவேண்டிய கடமை எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்பேன். "அண்ணன் வீட்டு வாசல் எனக்குத் திறந்திருக்கவேண்டும் அல்லவா" என்று பதில் வரும். பத்தில் எட்டுப்பேர் இதையேதான் சொல்வார்கள். அதைப் பத்திரத்தில் எழுத இடம் கிடையாது. "எனது முழு சம்மதத்தின்பேரில்" என்று எழுதிக்கொள்வேன்.

இன்னொன்று. மரத்தை வெட்டி மனை போட்டுவிடலாம் என்று தரகர் சொன்னால் கேட்காதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இலேயே அரசு சொல்லிவிட்டது.

பழைய வாத்தியார் (ஆகஸ்ட் 6, காலை 5.35)

நேற்று நாபோத்தைச் சொன்னேன். இரவெல்லாம் லூக்கா பன்னிரண்டாம் அதிகாரம் என்னைத் தூங்கவிடவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவன், ஆஸ்தியைப் பாகம் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கேட்கிறான். என்னைப் பங்கிடுகிறவனாக வைத்தவன் யார் என்று இயேசு கேட்கிறார். இந்த வசனத்தை எத்தனையோ குடும்பங்களில் நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். பங்கு கேட்ட தங்கைகளிடம்தான் சொன்னேன். கொடுக்காத அண்ணன்களிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பொருளாசையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று அடுத்து வருகிற வசனம் இரண்டு பேருக்கும்தானே? களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவன் கதை அதற்குப் பின்னால்தானே வருகிறது?

என் தங்கைக்கு இன்று போன் செய்யவேண்டும்.

தேரிக்காட்டான் (ஆகஸ்ட் 9, இரவு 11.20)

மூன்று நாளாக இங்கே வரவில்லை. கோபம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று வீட்டிலிருந்து எடுத்துவந்த வேதாகமத்தைப் பிரித்தேன். பெரிய எழுத்துப் பதிப்பு, முதுகு பிய்ந்து அப்பா காக்கித்துணி ஒட்டியது. கடைசி அட்டையின் உட்புறம் அப்பா மையினால் எழுதியவை: எங்கள் மூவர் பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல், கிணறு வெட்டிய தேதி, ஊற்றுக் கண்ட ஆழம் நாற்பத்தொரு அடி. அதற்குக் கீழே பென்சிலில் அம்மாவின் எழுத்து. 2003 என்று போட்டு, மேலத்தெரு 3 படி, டீச்சர் வீடு 2 படி, பெட்டிக்கடை 5 படி, இப்படிப் பதினொரு வரி. எட்டு வரியின்மேல் கோடு இழுத்திருக்கிறது. நான் பெயர் சொன்ன அந்த மூன்றின்மேல் கோடு இல்லை.

பஞ்ச காலத்தில் அம்மா இத்தனை வீட்டுக்கு அரிசி கொடுத்திருக்கிறார்களே, மூன்று வீட்டார் திருப்பித் தரவே இல்லையே என்று பெருமையாக இருந்தது. இங்கே எழுதலாம் என்றுகூட நினைத்தேன். அதற்கு முன்னால் அக்காவிடம் சொல்லலாம் என்று கூப்பிட்டேன்.

அக்கா சிரித்தாள். "அம்மா கொடுத்ததடா அது? வாங்கினது" என்றாள்.

அந்த வருஷம் மழை இல்லை, பதநீரும் இல்லை. ஆனால் அப்பா முந்தைய வருஷத்துக் கருப்பட்டியை விற்ற பணம் கையில் இருந்திருக்கிறது. அது எனக்கு வந்தது. கோயம்புத்தூரில் வீட்டுக்கு முன்பணம் கட்ட நான்தான் கேட்டு எழுதியிருந்தேன். வாங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு கடிதத்தில்கூட நான் கேட்டதில்லை. அம்மா தெருத்தெருவாக அரிசி கைமாற்று வாங்கியிருக்கிறார்கள். "அந்த அரிசியிலும் ஒரு பிடி எடுத்துத்தான் கலயத்தில் போட்டாள், நான் சண்டை போட்டிருக்கிறேன்" என்றாள் அக்கா.

பத்திரத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. அரிசியைக் கொட்டிவிடாதே, நான் வந்து புடைக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

இப்போது கேள்வி மாறிவிட்டது. அந்த மூன்று வீட்டுக் கடனை இந்தக் கலயத்து அரிசியைக் கொண்டு தீர்க்கலாமா? கர்த்தருக்கென்று வைத்ததை எடுத்துக் கடன் கொடுக்கலாமா?

பழைய வாத்தியார் (ஆகஸ்ட் 10, காலை 5.50)

தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் கொர்பான், காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்தார், மாற்கு ஏழு. அது ஒரு பக்கம். ஆனால் இது உங்கள் அம்மா நேர்ந்துவைத்தது. அதைத் தொடாதீர்கள், கடனுக்குப் புது அரிசி வாங்குங்கள்.

சுளகுக்காரி (ஆகஸ்ட் 10, காலை 9.15)

வாத்தியார் ஐயா கோபித்துக்கொள்ளக்கூடாது. எலிசாவிடம் வந்த விதவைக்கு எண்ணெய் பெருகியதே, அது கர்த்தர் கொடுத்த எண்ணெய் இல்லையா? போய் விற்று முதலில் கடனைத் தீர், மீந்ததைக் கொண்டு பிள்ளைகளோடு பிழை என்றுதான் தீர்க்கதரிசி சொன்னார். எனக்கு இரண்டும் ஒரே கலயம்தான்.

ஆனால் ஒன்றரைப் படியில் பத்துப் படிக் கடனை எப்படித் தீர்ப்பீர்கள்? எப்படியும் புது அரிசி வாங்கித்தான் ஆகவேண்டும். வண்டு விழுந்ததைக் கடனுக்குக் கொடுத்தால் மேலத்தெருவில் உங்கள் மானம் போய்விடும்.

கல்வராயன் அடிவாரம் (ஆகஸ்ட் 10, பிற்பகல் 12.40)

அண்ணா, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். என் அம்மாவும் தினமும் ஒரு பிடி எடுத்துவைப்பார்கள். காணிக்கைக்கு அல்ல, மாதக் கடைசிக்கு.

தேரிக்காட்டான் (செப்டம்பர் 22, இரவு 10.30)

பண்டிகை முடிந்து இன்றுதான் கோவை வந்தேன். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

அக்கா வந்ததும் முதல் வேலையாகச் சுளகை எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு படிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தேறியது. ஓலைப்பெட்டியில் போட்டு ஆலயத்தில் வைத்தோம். காணிக்கைப் பொருள்களை எங்கள் ஊரில் ஏலம் விடுவார்கள். ஒரு முருங்கைக்காய்க் கட்டு முந்நூறு ரூபாய்க்குப் போகும், முட்டை நூறுக்குப் போகும், தெரிந்ததுதானே. அம்மாவின் அரிசியை நான் ஐந்நூறுக்குக் கேட்டேன். அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து அறுநூறு என்றாள். எண்ணூறு என்றேன். ஆயிரம் என்றாள். கோவில்பிள்ளை இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து நோவு என்றார். ஆயிரத்து எழுநூறில் அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். அவ்வளவு பணம் அவளிடம் இருந்ததா என்று அப்போது யோசிக்கவில்லை. மச்சானிடம் கடன் சொல்லியிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் பத்துப் படி புது அரிசியோடு மூன்று வீட்டுக்கும் போனோம். டீச்சர் வீடு பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகளோடு சென்னைக்குப் போய்விட்டார்களாம். பெட்டிக்கடைக்காரர் இறந்துவிட்டார். அவர் மகன் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அரிசியை வாங்கி எடைபோடாமல் உள்ளே வைத்தான்.

மேலத்தெருவில் அந்தக் கிழவி இருக்கிறாள். தொண்ணூறு இருக்கும், நம் சபை இல்லை, அம்மன் கோவில் பக்கத்து வீடு. கண் தெரியவில்லை. அக்கா உரத்த குரலில் இன்னார் மகள் வந்திருக்கிறேன், அம்மா உங்களிடம் மூன்று படி அரிசி வாங்கியிருந்தாள், கொடுக்க வந்திருக்கிறோம் என்றாள். ஐயோ, இத்தனை வருஷம் கழித்தா, வேண்டாம் தாயி என்று சொல்வாள் என எதிர்பார்த்து, அதற்குப் பதிலும் மனதில் தயார் செய்துவைத்திருந்தேன்.

கிழவி பெட்டிக்குள் கைவிட்டு அளைந்து பார்த்தாள். "மூணு இல்லை. நாலு" என்றாள்.

அக்கா வீட்டுக்கு ஓடிப்போய் இன்னொரு படி அளந்துகொண்டு வந்தாள்.

பத்திரம் எழுதுபவன் (செப்டம்பர் 23, காலை 10.05)

விடுதலைப் பத்திரம்?

தேரிக்காட்டான் (செப்டம்பர் 23, பிற்பகல் 1.30)

எழுதவில்லை. கிழவி வீட்டிலிருந்து திரும்பும்போது வழியில் அக்காவிடம், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். நிற்காமல் நடந்துகொண்டே, "என் பங்கை அளந்து விடு. கிணறு இருக்கிற பக்கமாக" என்றாள். இதை எத்தனை வருஷமாக மனதில் வைத்திருந்தாளோ. அவள் மச்சினன் ஒருவன் பனை ஏறுவானாம், வரும் மாசிக்கு விடிலி போடலாம் என்கிறாள். தம்பிக்கு இதில் சம்மதம் இல்லை. துபாயிலிருந்து இரண்டு முறை பேசினான், இரண்டு முறையும் பாதியில் வைத்துவிட்டான். வாரிசுச் சான்றிதழுக்கு மனு கொடுத்திருக்கிறேன். பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கும் உட்பிரிவுக்கும் என்னென்ன தாள் வேண்டும் என்று தனிச்செய்தியில் எழுதுங்கள் ஐயா.

மஸ்கோத் (செப்டம்பர் 23, பிற்பகல் 1.52)

அண்ணாச்சி, ஒரு கணக்கு. அறுபத்திரண்டு பனையை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு இருபது. மீதி இரண்டு?

தேரிக்காட்டான் (செப்டம்பர் 23, பிற்பகல் 2.10)

இப்போதைக்குச் சண்டை அதற்குத்தான் நடக்கிறது.